மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. இதய மருத்துவர் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சைப் பதிவுசெய்யும் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார். தேவையா?

கொள்ளிடக்கரை:

அப்பாவுக்கு வயது 61. ரொம்ப வருடமாக பிபி இருக்கிறது. இப்போது மூன்று மாத்திரை, அதில் ஒன்று நீர் மாத்திரை. நேரம் தவறாமல் போடுகிறார், ஊறுகாய் அப்பளம்கூட விட்டாயிற்று. ஆனாலும் காலையில் எழுந்ததும் பார்த்தால் 160-க்குக் கீழே வருவதில்லை. சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. சமீபத்தில் நெஞ்சு படபடப்பு என்று போனபோது ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் கோளாறு என்றார்கள். எக்கோவில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறதாம்.

இதய மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நின்ற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றதும் ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் இப்போது இதுதான் பேச்சு. குறட்டைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம், காசு பிடுங்கத்தான் இதெல்லாம் என்கிறார் சித்தப்பா. எங்கள் அப்பாவும்தான் குறட்டை விட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார் அப்பா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்பு:

தங்கச்சி, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேளுங்கள். குறட்டைச் சத்தம் எவ்வளவு என்பதைவிட, சத்தம் எப்போது நிற்கிறது என்பதுதான் முக்கியம். என் வீட்டுக்காரருக்கும் இதே பிரச்சினைதான். குறட்டை ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று அடங்கிவிடும். நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கும், மூக்கில் கை வைத்தால் காற்று இருக்காது. அப்புறம் ஒரு பெரிய திணறலோடு உடம்பே தூக்கிப் போட்டு மறுபடி குறட்டை ஆரம்பிக்கும். அவருக்கு இதில் எதுவுமே நினைவிருக்காது. காலையில் "நன்றாகத்தான் தூங்கினேன்" என்பார், பத்து மணிக்கு நாற்காலியில் தலை சாயும்.

நான் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன். அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தன்னைத் தானே பார்த்த பிறகு என் வீட்டுக்காரர் வாதம் பண்ணவில்லை.

இரவுப்பணி:

நான் ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். வேம்பு அக்கா சொன்னது அப்படியே எங்கள் திரையில் கோடுகளாகத் தெரியும். மூக்கில் காற்று ஓடும் கோடு தட்டையாகிவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் மட்டும் முயற்சியைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதாவது மூளை மூச்சு விடச் சொல்கிறது, தசைகளும் இழுக்கின்றன, தொண்டைதான் மூடிக்கிடக்கிறது. காற்று நின்று சில நொடி கழித்து விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவு இறங்க ஆரம்பிக்கும். 96-இல் இருந்தது 85, 80 என்று போகும். 70-க்குக் கீழே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கும். அந்த நொடியில் இதயத் துடிப்பு எகிறும்.

10 நொடிக்கு மேல் காற்று நின்றாலோ, ஓட்டம் வெகுவாகக் குறைந்து அதனால் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதை ஒரு நிகழ்வாக எண்ணுவோம். மணிக்கு எத்தனை நிகழ்வு என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் ஏஹெச்ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. 30 என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. அப்படி ராத்திரி முழுக்க நடக்கும்போது இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அந்தத் திரையின் முன் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

திருச்சி_மருத்துவர்:

நான் பொது மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய இதய மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

இயல்பான தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயமும் ரத்தக்குழாய்களும் ஓய்வெடுக்கும் நேரம் அதுதான். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்களுக்கு இந்த இறக்கம் பெரும்பாலும் நடப்பதில்லை. ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் கண்டுபிடித்ததும் உடம்பை அவசர நிலைக்குத் தயார்படுத்தும் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் தட்டி எழுப்பப்படுகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு திரும்பும் நொடியில் பிபி கிடுகிடுவென்று ஏறுகிறது. இரவு முழுக்க இப்படித் தூண்டப்பட்ட நரம்பு மண்டலம் விடிந்ததும் அடங்கிவிடுவதில்லை, பகலிலும் அதே முறுக்கோடு இருக்கிறது. காலை பிபி மட்டும் அடங்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்தும் சரியான அளவில் கொடுத்தும் இறங்காத பிபியை மருந்துக்கு அடங்காத பிபி என்கிறோம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பான்மையோருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது நெஞ்சுக்கூட்டுக்குள் நடப்பது. இளநீர்க் குழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் எப்படி உள்வாங்குகிறது? மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அப்படி ஒரு இழுவை உண்டாகிறது. அந்த இழுவை இதயத்தின் சுவர்களை வெளிப்பக்கமாக இழுக்கிறது. இடது கீழறை ரத்தத்தை வெளியேற்ற அந்த இழுவையையும் மீறிச் சுருங்க வேண்டும். வருடக்கணக்கில் இந்தக் கூடுதல் வேலையும் பிபியும் சேர்ந்தால் சுவர் தடிக்கும். மேலறைகளின் சுவர் மெல்லியது, அது விரிந்து கொடுக்கும். விரிந்த மேலறையில் தழும்பு போன்ற மாற்றங்கள் வரும், மின்னோட்டம் தடம் மாறும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அங்கேதான் பிறக்கிறது.

மேலறை விரிந்தால் சிறுநீரை அதிகமாக்கும் ஒரு ஹார்மோனும் சுரக்கும். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து சிறுநீர் கழிப்பவர்கள் எல்லோரும் அது சர்க்கரை அல்லது புராஸ்டேட் என்றே நினைக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி எழும் பழக்கம் உண்டா?

கொள்ளிடக்கரை:

உண்டு சார். புராஸ்டேட்டுக்கு ஸ்கேன்கூட எடுத்தோம், வயதுக்கு ஏற்ற வீக்கம்தான் என்றார்கள். இதையும் அதையும் சேர்த்து நாங்கள் யோசித்ததே இல்லை. உங்கள் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: இதனால் உயிருக்கு ஆபத்தா?

திருச்சி_மருத்துவர்:

பயமுறுத்தாமல் சொல்ல முயல்கிறேன். திடீர் இதய மரணங்கள் பொதுவாக விடிந்து காலை வேளையில்தான் அதிகம் நடக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், திடீர் இதய மரணம் அடைந்தவர்களில் ஏற்கெனவே ஸ்லீப் ஸ்டடி எடுத்திருந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவு 12-க்கும் காலை 6-க்கும் இடையில் இறந்திருந்தார்கள். அது இல்லாதவர்களில் 21 சதவீதம். மற்றவர்களின் இதயம் ஓய்வெடுக்கும் நேரம் இவர்களுக்கு ஆபத்தான நேரமாக மாறியிருக்கிறது. ஆனால் இது, இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில் இறப்பார்கள் என்று பொருள்படாது. இறந்தவர்களில் எந்த நேரம் என்பதைத்தான் அது சொல்கிறது. அப்பாவிடம் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது அவருடைய மருத்துவர் இந்த நோயின் பெயரைச் சொன்னார். நம் நாட்டில் நிறையப் பேர் அன்றைக்குத்தான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். என்னிடம் வந்தவர்களும் அதற்குப் பிறகு ஒரு வாரம் குறட்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். அப்புறம் மறந்துபோனார்கள்.

கணக்கு_வாத்தியார்:

மருத்துவர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. நோய் இதயத்தைப் பாதிக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் இதற்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் சிபாப், அதாவது தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம், இதயத்தைக் காப்பாற்றுகிறதா? 2016-இல் சேவ் என்ற பெரிய ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேர், இந்தியா உட்பட ஏழு நாடுகள். பாதிப் பேருக்கு சிபாப் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சராசரியாக 3.7 வருடம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்பெயினில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது, அதிலும் இதே முடிவுதான். ஒரு குடும்பம் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டாமா?

திருச்சி_மருத்துவர்:

கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன முடிவு சரி. சிபாப் மாட்டினால் மாரடைப்பே வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள் என்று நானே நோயாளிகளிடம் சொல்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வுக்குள் இருக்கும் இன்னொரு எண்ணையும் பாருங்கள் ஐயா. சிபாப் தரப்பில் இருந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். ராத்திரி படுக்கும்போது மாட்டி, ஒரு மணி இரண்டு மணிக்குக் கழற்றி வைத்துவிட்டுப் பலர் தூங்கியிருக்கலாம். கண்விழிகள் அசையும் ரெம் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம் வரும். தசைகள் முழுக்கத் தளர்வதால் பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அப்போதுதான். அப்படியானால் மருந்து தேவைப்பட்ட நேரத்தில் மருந்து உடம்பில் இல்லாத மாதிரிதான். மேலும் பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிபவர்களையும், ஆக்சிஜன் நெடுநேரம் மிகக் கீழே போகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிகிச்சை இல்லாமல் விடுவது அவர்களுக்கு ஆபத்து என்பதால் விலக்கினார்கள். ஆக, நாம் எந்த நோயாளியைப் பார்த்து அதிகம் கவலைப்படுகிறோமோ அவர் அந்த 2,717 பேரில் இல்லை.

2023-இல் சேவ், ஸ்பெயின் ஆய்வு, ஸ்வீடன் ஆய்வு மூன்றின் தரவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. இரவுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களை மட்டும் எடுத்தால் அபாயம் சுமார் 31 சதவீதம் குறைவு. சிபாப்பை ஒழுங்காகப் போடுகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார், நடப்பார், புகை பிடிக்க மாட்டார். எனவே அந்த 31 முழுவதும் இயந்திரத்தின் பலன் என்று நானும் சொல்ல மாட்டேன்.

பிபி விஷயத்தில் சான்று தெளிவு. மருந்துக்கு அடங்காத பிபி உள்ளவர்களிடம் ஸ்பெயினில் 12 வாரம் சிபாப் கொடுத்துப் பார்த்ததில் 24 மணி நேரச் சராசரி அழுத்தம் சுமார் 3 புள்ளி இறங்கியது, இரவில் பிபி இறங்கும் இயல்பு பலருக்குத் திரும்பியது. மூன்று புள்ளி சின்னதாகத் தெரியும். மூன்று மாத்திரைக்கும் மசியாத ஒருவருக்கு அது சின்னதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நிலைமை கலவை. மூச்சுத் தடையைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ஷாக் கொடுத்துச் சரிசெய்த துடிப்பு மறுபடி கெடுவது அதிகம் என்று பழைய ஆய்வு காட்டியது. நார்வேயில் 2021-இல் வந்த சோதனையில் சில மாத சிபாப்பால் அந்தத் துடிப்புக் கோளாறு குறையவில்லை. வருடக்கணக்கில் விரிந்த மேலறை சில மாதத்தில் பழைய நிலைக்கு வராது என்பது என் எண்ணம்.

கணக்கு_வாத்தியார்:

3.3 மணி நேரம் என்பதை நான் போதிய அளவு எடைபோட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் இயந்திரத்தை வாங்குவது பாதிதான், விடியும் வரை போட்டுக்கொண்டு தூங்கப் பழக்குவதுதான் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளலாமா?

திருச்சி_மருத்துவர்:

அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நெய்தல்:

இந்த இழையில் எல்லோரும் அப்பா, வீட்டுக்காரர் என்று ஆண்களையே பேசுகிறீர்கள். நான் பெண், வயது 54, ஒல்லிதான். குறட்டை பெரிதாக இல்லை. எனக்கு இருந்தது காலைத் தலைவலி, தூக்கம் பிடிக்காதது, எப்போதும் அசதி. மாதவிடாய் நின்ற காலம் என்பதால் எல்லாம் அதன் கணக்கில் போனது. தைராய்டு பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள், மனச்சோர்வுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். கடைசியில் வேறு காரணத்துக்காக மாட்டிய ஹோல்ட்டரில் (நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவி) இரவில் மட்டும் இதயத் துடிப்பு சில நொடி நிற்பது தெரிந்தது. பேஸ்மேக்கர் வரை பேச்சு போனது. நல்லவேளையாக ஒரு மருத்துவர் முதலில் தூக்கத்தைப் பார்ப்போம் என்றார். ஏஹெச்ஐ நடுத்தரம் வந்தது. சிபாப் போட்ட பிறகு எடுத்த ஹோல்ட்டரில் அந்த இடைவெளிகள் இல்லை.

பெண்கள் தயவுசெய்து "எனக்குக் குறட்டை இல்லையே" என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

திருச்சி_மருத்துவர்:

நெய்தல் அம்மா எழுதியதை எல்லோரும் கவனியுங்கள். மூச்சு அடைபட்டிருக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும், சிலருக்குச் சில நொடி நிறுத்தியே விடும். தூக்கத்தில் மட்டும் துடிப்பு குறைகிறவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அதற்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் 2018 வழிகாட்டுதலே சொல்கிறது. ஒல்லியாக இருப்பதும் பாதுகாப்பில்லை. சிறிய தாடை, குறுகிய தொண்டை இருந்தால் எடை கூடாமலும் வரும். ஆசியர்களிடம் இது அதிகம்.

இரவுப்பணி:

அதோடு ஒன்று. ஆப்னியாவில் தொண்டை அடைக்காத வகையும் உண்டு. மூளையிலிருந்தே மூச்சுக்கான உத்தரவு வராது. இதயம் பலவீனமானவர்களிடம் அது அதிகம். ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பிரித்து எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் இணையத்தில் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். அந்த வகை உள்ள, இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்த நோயாளிகளுக்கு ஒரு சிறப்பு இயந்திரத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இதய மரணம் கூடியது. அந்த முடிவு 2015-இல் வந்தது. அதனால்தான் எக்கோ ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள் என்று கேட்கிறோம்.

கொள்ளிடக்கரை:

அப்பா சம்மதித்துவிட்டார். நெய்தல் அக்காவின் பதிவைக் கேட்டுவிட்டு அம்மாவும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்! வீட்டிலேயே எடுக்கும் டெஸ்ட் போதுமா, ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் எடுக்க வேண்டுமா?

இரவுப்பணி:

அதை இதய மருத்துவரிடமே கேளுங்கள் தங்கச்சி. வேறு பெரிய நோய் இல்லாத, அறிகுறி தெளிவாக இருக்கிற ஒருவருக்கு வீட்டு டெஸ்ட் போதும். அப்பாவுக்குத் துடிப்புக் கோளாறு இருப்பதால் லேபில் எடுப்பது நல்லது என்பது என் அனுபவம், ஈசிஜியும் மூளை அலையும் சேர்ந்து பதிவாகும். வீட்டு டெஸ்டில் அவர் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பது தெரியாது. அன்றைக்கு மதியம் தூங்க வேண்டாம், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள், எண்ணெய் இருந்தால் ஒயர்கள் ஒட்டாது. வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

வடகரை_சுப்பு:

நான் சிபாப் போடுகிறவன். பழகிய விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பகலில் டிவி பார்க்கும்போது முகமூடியை மட்டும் மாட்டிப் பழகினேன். மூக்கை மட்டும் மூடுவது, மூக்கு வாய் இரண்டையும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருவது என்று வகைகள் இருக்கின்றன. எனக்கு மீசை, பெரிய முகமூடியில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. மூக்குத் துவாரத்தில் உட்காரும் வகைக்கு மாறியதும்தான் முழு இரவு தூங்கினேன். ஒரு முகமூடி சரிப்படவில்லை என்று சிகிச்சையையே விட்டவர்களை எனக்குத் தெரியும், மனசு கஷ்டமாக இருக்கிறது. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் படியும். நம் ஊர்த் தூசிக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. எத்தனை மணி நேரம் போட்டோம், மிச்சம் எத்தனை நிகழ்வு, கசிவு எவ்வளவு எல்லாம் இயந்திரமே குறித்து வைக்கும். ஒவ்வொரு தடவையும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேம்பு:

எடை குறைத்தால் இயந்திரத்தை விட்டுவிடலாமா சார்? இவர் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

திருச்சி_மருத்துவர்:

சிலருக்கு முடியும், மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்த பிறகுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து நடந்த ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ சுமார் 26 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். எடை கூடினால் அதே விகிதத்தைவிட அதிகமாக ஏறும். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை உடல்பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். அதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இப்போதைக்கு அவர் செய்யக்கூடியது: இரவில் மது தொடாதது, மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடாதது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது. காலில் வீக்கம் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள். பகலில் காலில் சேரும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை இன்னும் நெருக்கும். நீர் மாத்திரை சிலருக்கு மூச்சுத் தடையையும் கொஞ்சம் குறைப்பதற்கு அதுதான் காரணம்.

வடகரை_சுப்பு:

இன்னொன்று, எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது தெரிந்துகொண்டது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இந்த நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மயக்கமும் வலி மருந்தும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். என்னை இயந்திரத்தையும் எடுத்துவரச் சொன்னார்கள், ஆபரேஷன் முடிந்த இரவு வார்டிலேயே மாட்டிக்கொண்டேன். கொள்ளிடக்கரை, அப்பாவின் துடிப்புக் கோளாறுக்கு ஷாக் சிகிச்சையோ அப்லேஷனோ (கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தை இதயத்துக்குள் செயலிழக்கச் செய்வது) பேசினால் அவர்களிடமும் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.